மருந்து என்று பெயரிட்ட நஞ்சு



"அம்மா எங்கே?" என்று கேட்டால், "மருந்தடிக்கப் போயிருக்காங்க" என்று பதில் சொல்லி வளர்ந்தவர்கள் நம்மில் பலர். மருந்து என்றால் நோயைத் தீர்ப்பது என்று பள்ளியில் படித்தோம். தோட்டத்திலோ, புல்லைக் கொல்லும் நஞ்சுக்கும் அதே பெயர்தான். அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் நம் தாய்மார்களின் நீண்ட துன்ப வரலாறு இருக்கிறது. பரிசு வாங்கும் இந்த நல்ல நாளில் பிள்ளைகள் அதையும் தெரிந்துகொள்வது நலம் என்று கருதி இக்கட்டுரையை எழுதுகிறேன்.

மலாயாவில் ரப்பர் பயிரிடத் தொடங்கிய காலத்தில் புல்வெட்டு என்பது கைவேலை. மரத்தடியில் ஒரு புல்கூடத் தலைகாட்டக் கூடாது என்பது அந்நாளைய துரைமார்களின் எண்ணம். தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த நம் முன்னோர் மண்வெட்டியோடு நிரை நிரையாக நின்று கொத்தினார்கள். பிற்பாடு, லாலான் புல்லை ஒழிக்க சோடியம் ஆர்சினைட் என்னும் பாஷாண உப்பைத் தண்ணீரில் கரைத்துத் தெளிக்கும் வழக்கம் வந்தது. அது புல்லை மட்டுமா கொல்லும்? மாட்டையும் மனிதரையும் கொல்லக்கூடிய கொடிய நஞ்சு அது.

அதற்குப் பின் வந்ததுதான் பாராகுவாட். இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் 1955-ஆம் ஆண்டில் இதன் புல் கொல்லும் தன்மை கண்டறியப்பட்டது. 1962-இல் 'கிராமாக்சோன்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 60-ஆம் ஆண்டுகளிலேயே நம் நாட்டுத் தோட்டங்களுக்கும் வந்து சேர்ந்தது.

முதலாளிமார் இதை விரும்பியதற்குக் காரணம் உண்டு. வெயில் பட்டதும் வேலை செய்யும். இரண்டொரு நாளில் புல் கருகிவிடும். அடித்த சற்று நேரத்தில் மழை பெய்தாலும் பாதகமில்லை. மண்ணில் விழுந்தால் களிமண்ணோடு ஒட்டிக்கொள்ளும். மரத்தின் வேரைத் தாக்காது. விலையும் மலிவு. ஆக, மரத்துக்குக் கெடுதல் இல்லை என்று கணக்குப் பார்த்தார்கள். மனுசனுக்கு என்ன ஆகும் என்ற கணக்கு பின்னுக்குப் போய்விட்டது.

மனிதருக்கு இது என்ன செய்யும்? கலக்காத மருந்து ஒரு வாய் உள்ளே போனாலே பிழைப்பது அரிது. நுரையீரலில் சேர்ந்து அதைக் கெட்டிப்படுத்தி மூச்சை அடைக்கும். இந்த நஞ்சுக்கு மாற்று மருந்து இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. தோலில் பட்டால் புண்ணாகும். அந்தப் புண் வழியாக உடம்புக்குள்ளும் இறங்கும். நகம் நிறம் மாறிக் கழன்று விழும். சாரல் மூக்கில் ஏறினால் இரத்தம் வரும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

ரப்பர் மரங்களை அழித்துச் செம்பனை நட்ட காலத்தில், குலை வெட்டும் வேலை பெரும்பாலும் ஆண்களுக்குப் போயிற்று. உரம் போடுவதும் மருந்தடிப்பதும் பெண்கள் தலையில் விழுந்தன. விடியற்காலையில் பிரட்டுக்கு நின்று பெயர் கொடுத்துவிட்டு, நான்கு கேலன் பம்பை முதுகில் சுமந்து நாள் முழுதும் நடப்பார்கள். பம்பு ஒழுகினால் முதுகு நனையும். காற்று திரும்பினால் முகத்தில் அடிக்கும். கையுறை, முகமூடி கொடுத்த இடங்களிலும் இந்த நாட்டு வெயிலில் அவற்றைப் போட்டுக்கொண்டு மூச்சுவிட முடியாது. அதே உடுப்போடு வீட்டுக்கு வந்து, ஓடி வரும் பிள்ளையைத் தூக்கிக்கொள்வார்கள். பம்பு கழுவிய தண்ணீர் கால்வாயில் ஓடும். காலியான மருந்து டின்னில் தண்ணீர் பிடித்து வைத்த வீடுகளும் உண்டு.

மூக்கில் இரத்தம் வந்தால், "வெயில் சூடு, ஒண்ணும் இல்ல" என்று தாங்களே சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. வாய் திறந்தால் வேலையே இருக்குமோ இருக்காதோ என்ற பயம் வேறு. இப்படித்தான் அந்த வலி லயத்துச் சுவரைத் தாண்டாமல் பல்லாண்டு கிடந்தது.

இதற்கிடையில் உலகம் சும்மா இருக்கவில்லை. 1974-இல் நம் நாட்டில் பூச்சிக்கொல்லிச் சட்டம் இயற்றப்பட்டது. 1982-இல் பினாங்கில் கூடிய பல நாட்டு அமைப்புகள் பூச்சிக்கொல்லி நஞ்சுகளை எதிர்த்து ஒரு கூட்டமைப்பைத் தொடங்கின. 1983-இல் சுவீடன் நாடு பாராகுவாட்டைத் தடைசெய்தது. 1985-இல் அந்தக் கூட்டமைப்பு வெளியிட்ட கொடிய நஞ்சுகளின் பட்டியலில் பாராகுவாட்டும் இடம்பெற்றது. பனி பெய்யும் நாட்டில் ஆகாது என்று ஒதுக்கிய பொருளை, நம் நாட்டுத் தாய்மார்கள் அதற்குப் பிறகும் பல்லாண்டு முதுகில் சுமந்தார்கள். ஏழையின் உயிருக்கு ஒரு விலை, பணக்கார நாட்டான் உயிருக்கு வேறு விலையா? இதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

கடைசியில் அந்த மௌனத்தைக் கலைத்தவர்கள் நம் பெண்களேயாவர். ஐரின் பெர்னாண்டஸ் அம்மையாரை நம்மில் பலர் அறிவர். கெடாவில் ரப்பர்த் தோட்டச் சூழலில் பிறந்து ஆசிரியையாகப் பணியாற்றியவர். 1991-இல் தெனகனித்தா அமைப்பைத் தொடங்கியவர். அவ்வமைப்பினர் தோட்டங்களுக்குச் சென்று மருந்தடிக்கும் பெண்களோடு உட்கார்ந்து பேசினார்கள், உடல்நிலையைக் குறித்துக்கொண்டார்கள். நகம் போனதையும் மூக்கில் இரத்தம் வந்ததையும் பெண்கள் தங்கள் வாயாலேயே சொன்னார்கள். 2002-இல் அது அறிக்கையாக வெளிவந்தது. "வெயில் சூடு" என்று அதுவரை சொல்லி வந்தது நஞ்சின் வேலை என்று நாடு அறிந்தது.

அதே ஆண்டு ஆகஸ்டில், பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்துவதென அரசாங்கம் முடிவு செய்தது. பெண்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் மாற்று மருந்து விலை அதிகம் என்று தோட்டத் தொழில் தரப்பு முறையிட்டது. 2006-இல் அந்தத் தடை தளர்த்தப்பட்டது. மறு ஆண்டே, 2007-இல், ஐரோப்பிய நீதிமன்றம் ஒன்று ஐரோப்பாவில் பாராகுவாட்டுக்குக் கொடுத்திருந்த அனுமதியை ரத்து செய்தது. நம் நாட்டிலோ 2020 ஜனவரி முதல் நாளன்றுதான் முழுத் தடை நடைமுறைக்கு வந்தது. முதல் முடிவுக்கும் முழுத் தடைக்கும் இடையே 17 ஆண்டுகளுக்கு மேல்! 2014-இல் காலமான ஐரின் அம்மையார் அந்த நாளைக் காணவில்லை. பம்பு சுமந்த தாய்மார் பலரும் காணவில்லை.

இவ்வரலாற்றிலிருந்து நாம் படிக்க வேண்டிய பாடம் என்ன?

முதலாவது, நஞ்சை நஞ்சு என்றே சொல்லுங்கள். மருந்து என்ற பெயர் பயத்தைப் போக்கிவிட்டது. பயம் போனதால் கவனமும் போயிற்று.

இரண்டாவது, பூச்சிமருந்துப் போத்தல்களில் தமிழிலும் எச்சரிக்கை அச்சிட்டிருக்கிறார்கள். பள்ளியில் படிக்கும் பிள்ளை அதை எடுத்துத் தாத்தாவுக்கும் பாட்டிக்கும் உரக்க வாசித்துக் காட்டட்டும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து பயனில்லை. தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஒரு சிறுவன் ஓர் உயிரைக் காப்பாற்ற முடியும் என்பதை மறவாதீர்கள்.

மூன்றாவது, வலியைச் சொல்லத் தயங்காதீர்கள். அந்தப் பெண்கள் பேசியிராவிட்டால் யாருக்குத் தெரிந்திருக்கும்?

இன்று நம் மக்களில் பெரும்பாலோர் தோட்டத்தை விட்டு வெளியேறிவிட்டார்கள். பிள்ளைகள் படித்து முன்னேறியிருக்கிறார்கள், மகிழ்ச்சியே. ஆனால் பாராகுவாட் போனாலும் பம்பு போகவில்லை. வேறு புல்கொல்லிகளை நிரப்பி, இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் பிழைக்க வந்தவர்கள் அதைச் சுமக்கிறார்கள். நம் பாட்டிமார் பட்டது இன்னொருவர் வீட்டுப் பிள்ளைக்கு வேண்டாம். நாளை கிராணியாகவோ, அதிகாரியாகவோ, மருத்துவராகவோ வரப்போகும் மாணவச் செல்வங்களே, பம்பு தூக்கும் ஒருவர் உங்கள் முன் வந்து நின்றால், முதலில் அவருடைய கை நகங்களைப் பாருங்கள். "உடம்புக்கு எப்படி இருக்கு?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அதுவே நம் தாய்மார்களுக்கு நாம் செய்யும் மரியாதை.