சிமரோன் கவுண்டி வறட்சி நிவாரணம்

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில், 1930களின் புழுதிப்புயல் காலத்தில், சிமரோன் கவுண்டி உழவர்களுக்கும் மாடு வளர்த்தவர்களுக்கும் கூட்டரசு கொடுத்த அவசரகால உதவித்தொகைகள். மாநிலத்தின் மேற்குக் கோடியில் உள்ள இந்தக் கவுண்டி கன்சாஸ், கொலராடோ, நியூ மெக்சிகோ, டெக்சாஸ் ஆகிய நான்கு மாநிலங்களுடன் எல்லை கொண்டது. தலைமையூர் பாய்ஸ் சிட்டி.

முதல் உலகப்போரை ஒட்டிக் கோதுமை விலை ஏறியதும் இப்பகுதியின் மேய்ச்சல் புல்வெளிகள் உழப்பட்டன. பின்னர் விலை சரிந்தது, மழையும் பொய்த்தது, புல்வேர் பிடித்திருந்த மேல்மண் காற்றோடு போயிற்று.

முதலில் வந்தது கோதுமைப் பணம். 1933 மே மாதம் இயற்றப்பட்ட வேளாண் சீரமைப்புச் சட்டப்படி, சாகுபடிப் பரப்பைக் குறைக்க ஒப்பந்தம் செய்தவர்களுக்குத் தொகை கிடைத்தது. 1934ஆம் ஆண்டு விளைச்சலுக்கான குறைப்பு 15 விழுக்காடு. சட்டத்தின் நோக்கம் விலையை உயர்த்துவதுதான். வறட்சி நிவாரணம் அன்று. ஆனால் தொகை முந்தைய ஆண்டுகளின் சராசரி விளைச்சலில் 54 விழுக்காட்டுக்குக் கணக்கிடப்பட்டதால், அவ்வாண்டு ஒரு மணிகூடத் தேறாதவருக்கும் காசோலை வந்தது. திட்டமிடாமலே அது பயிர்க் காப்பீட்டின் வேலையைச் செய்தது. குத்தகை நிலங்களில் இத்தொகை விளைச்சல் பங்குப்படி பிரிக்கப்பட்டது. எங்கோ நகரத்தில் இருந்த நிலக்காரரும் தம் பங்கைப் பெற்றார்.

அடுத்தது மாடு கொள்முதல். 1934 ஜூனில் நாடாளுமன்றம் வறட்சி நிவாரணத்துக்கு 52.5 கோடி டாலர் ஒதுக்கியது. நெருக்கடிப் பகுதி என அறிவிக்கப்பட்ட கவுண்டிகளில் தீவனமின்றி மெலிந்த மாடுகளை அரசே வாங்கியது. இரண்டு வயதுக்கு மேற்பட்ட மாட்டுக்கு 12 முதல் 20 டாலர், ஒன்று முதல் இரண்டு வயது வரை 10 முதல் 15, கன்றுக்கு 4 முதல் 8.

இந்த விலை இரண்டு கூறாக இருந்தது. வங்கிக்கு ஈடு வைக்கப்படாத மாடு அன்று அரிது. முழுப் பணத்தையும் விலையாகவே கொடுத்திருந்தால் அது கடன்காரர் கைக்கே போயிருக்கும். ஆகவே பெரிய மாட்டுக்கு 6 டாலர், நடுத்தர வயதுக்கு 5, கன்றுக்கு 3 என ஒரு பகுதி 'உதவித்தொகை' என்று தனியே வகுக்கப்பட்டது. அதில் ஈட்டுரிமை செல்லாது. மீதியான கொள்முதல் விலையில் மட்டுமே கடன் கொடுத்தவர் உரிமை கோரலாம். நிவாரணத் திட்டங்களில் பலவற்றுக்கு இல்லாத முன்யோசனை இது. கன்று விற்றவருக்கு உறுதியாகக் கிடைத்தது அந்த மூன்று டாலர்தான் என்பதையும் மறக்கக் கூடாது.

உண்ணத் தகுதியற்றவை என ஒதுக்கப்பட்ட மாடுகள் கொல்லப்பட்டன. தொடக்கத்தில் நெருக்கடிப் பகுதிகளில் வாங்கியவற்றில் பாதிக்கு மேல் இவ்வாறு அழிக்கப்பட்டன. எஞ்சியவற்றின் இறைச்சி கூட்டரசு உபரி நிவாரணக் கழகம் வழியாக ஏழைக் குடும்பங்களுக்குப் போயிற்று.

1935 ஏப்ரல் 14 அன்று வீசிய 'கறுப்பு ஞாயிறு' புயலுக்குப் பின் அரசின் கவனம் மண்காப்பின் பக்கம் திரும்பியது. அம்மாதமே மண் பாதுகாப்புப் பணித்துறை சட்டப்படி அமைந்தது. 1936 ஜனவரி 6இல் உச்ச நீதிமன்றம் 1933 சட்டத்தின் மையமான வரியையும் ஒப்பந்த முறையையும் செல்லாதவை என்றது. பிப்ரவரி இறுதியில் வந்த புதிய சட்டம், பரப்பைக் குறைப்பதற்குப் பதிலாக மண்ணைக் காக்கும் பயிர்முறைகளுக்குப் பணம் தந்தது. பெயர் மாறினாலும் காசோலைகள் தொடர்ந்தன. அப்படியும் 1930க்கும் 1940க்கும் இடையில் கவுண்டியின் மக்கள்தொகை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.