ஜெனரல் மோட்டார்ஸின் குழுக்கள்

மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரில் குதிரை வண்டிகள் செய்து பெரும்பொருள் ஈட்டிய வில்லியம் டூரண்ட், 1908ஆம் ஆண்டில் ஜெனரல் மோட்டார்ஸைத் தொடங்கிக் கார்க் கம்பெனிகளை ஒன்றன்பின் ஒன்றாக வாங்கிச் சேர்த்தாரே தவிர, அவற்றை ஒரே நிறுவனமாக நடத்துவதற்கு வழி எதையும் வகுக்கவில்லை. செயற்குழு என்ற பெயரில் ஓர் அவை இருந்தது. ஆனால் அதில் இடம்பெற்ற பிரிவுத் தலைவர்கள், தமக்கு வேண்டிய மூலதனத்துக்குப் பிறர் கைதூக்க வேண்டும் என்பதற்காகவே பிறர் கேட்பதற்குத் தாமும் கைதூக்கினார்கள் என்று, அப்போது உதிரிபாகப் பிரிவை நடத்திவந்த ஆல்ஃபிரட் ஸ்லோன் பின்னாளில் கூறினார். டூரண்டிடம் திறமைசாலிகளுக்குப் பஞ்சமில்லை. பிற்காலத்தில் தம் பெயரிலேயே கார்க் கம்பெனி கண்ட வால்ட்டர் கிரைஸ்லர், டூரண்டின் தலையீடு பொறுக்காமல் ப்யூக் பிரிவை விட்டு விலகியவர்தான்.

1920இல் கார் விற்பனை சரிந்து, பங்குவிலையைத் தாங்கிப் பிடிக்கக் கடன் வாங்கிய டூரண்ட் பதவியிழந்தபோது, பெரும்பங்குதாரரான பியர் டூபான்ட் தலைவரானார். அன்றாட நடத்தையைப் பிரிவுகளிடம் விட்டு, நிதியையும் கொள்கையையும் தலைமையகம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஸ்லோன் முன்பே தீட்டியிருந்த திட்டத்தை, டூரண்ட் கிடப்பில் போட்டிருந்தார். புதிய தலைமை அதை உடனே ஏற்றது. நால்வர் மட்டுமே கொண்ட செயற்குழு அமைந்தது. பிரிவுத் தலைவர் எவருக்கும் அதில் இடமில்லை. ஒரு கோணலை நிமிர்த்தப் போய் மறுபுறம் வளைத்ததாகவே இதைக் கருத வேண்டும்.

அதன் விளைவு செம்புக் குளிர்விப்பு எஞ்சின் விவகாரத்தில் வெளிப்பட்டது. ஓஹையோவின் டேட்டன் நகரிலிருந்த ஆராய்ச்சிக் கூடத்தில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய இந்த எஞ்சினில், தண்ணீரும் ரேடியேட்டரும் இல்லாமல், சிலிண்டரைச் சுற்றிப் பதித்த செம்புத் தகடுகளின்மீது காற்றை வீசிச் சூடு தணிக்கப்பட்டது. காரின் எடையும் விலையும் குறையும் என்று நம்பிய டூபான்ட், ஓக்லண்ட் பிரிவும் செவர்லே பிரிவும் இதற்கு மாற வேண்டும் என்று முடிவு செய்தார். சோதனையில் குறைகள் தெரிந்தன என்றார்கள் பிரிவுப் பொறியாளர்கள். தம் கண்டுபிடிப்பை வேண்டுமென்றே முடக்குகிறார்கள் என்றார் கெட்டரிங். இரு தரப்பும் எதிரெதிரே அமர்ந்து பேசித் தீர்ப்பதற்கென நிலையான களம் எதுவும் இல்லாததால், இழுபறி இரண்டாண்டுகள் நீடித்தது. முடிவில் 759 செவர்லே கார்களே தயாராயின. விற்பனைக்குப் போனவற்றையும் 1923 ஜூனில் நிறுவனம் திரும்பப் பெற்றது. கெட்டரிங் பதவி விலக முன்வந்தார்.

அதற்கு முந்தைய மாதம்தான் தலைவரான ஸ்லோன், கெட்டரிங்கையும் இழக்கவில்லை, பிரிவுகளையும் பணியவைக்கவில்லை. ஆராய்ச்சியாளர்களும் எல்லாப் பிரிவுகளின் பொறியாளர்களும் ஒன்றாக அமரும் பொதுத் தொழில்நுட்பக் குழுவை அதே ஆண்டு செப்டம்பரில் அமைத்தார். பிரிவுத் தலைவர்களும் செயற்குழுவினரும் கூடும் இயக்கக் குழுவுக்கு அடுத்த ஆண்டில் உயிர் கொடுத்தார். கொள்கையை முடிவு செய்யும் அதிகாரம் செயற்குழுவிடமே இருந்தது. ஆயினும் அந்தக் கொள்கையால் பாதிக்கப்படுவோர் அதை முன்கூட்டியே கேட்டு மறுத்துப் பேச இடம் கிடைத்தது. தாம் உத்தரவிடுவதைவிடத் தம் யோசனையை விளக்கி ஏற்கச் செய்வதையே ஸ்லோன் விரும்பினார். மறுப்பே எழாத ஒரு கூட்டத்தில், மாற்றுக்கருத்து உருவாகட்டும் என்று அவர் முடிவைத் தள்ளிவைத்ததாகப் பீட்டர் டிரக்கர் எழுதியது மேலாண்மை நூல்களில் அளவுக்கு மீறிப் புகழ்பெற்றுவிட்டது. அந்தச் சாதுரியத்தைவிட, கூட்டத்தில் யார் யாருக்கு நாற்காலி என்பதை ஸ்லோன் நிர்ணயித்த முறையே முக்கியமானது. கெட்டரிங் 1947 வரை அங்கேயே பணியாற்றினார். 1927இல் செவர்லே விற்பனையில் ஃபோர்டை முந்தியது.

இந்த ஏற்பாட்டில் தொழிலாளருக்கு மட்டும் நாற்காலி இல்லை. 1936 டிசம்பர் 30 அன்று ஃபிளின்ட் தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே அமர்ந்து தொடங்கிய வேலைநிறுத்தம் 44 நாள் நீடித்தது. 1937 பிப்ரவரி 11 அன்று அவர்களுடைய சங்கத்தை அங்கீகரித்த பிறகே நிறுவனத்தால் ஆலைகளை மீண்டும் இயக்க முடிந்தது.