‘உம்’ எப்போது ‘ஆகவே’ ஆயிற்று? தாலிடோமைடும் கைரல் வண்ணப்பிரிகையின் வரலாறும்

ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான மூலக்கூறு வடிவங்களைப் பிரிக்கும் கைரல் வண்ணப்பிரிகை பற்றிய பாடம் பெரும்பாலும் தாலிடோமைடு என்ற மருந்தில்தான் தொடங்குகிறது. அம்மருந்தின் வலக்கை வடிவமான ஆர் உறக்கம் தந்தது, இடக்கை வடிவமான எஸ் கருவைச் சிதைத்தது என்பது அதன் முதற்கூற்று. இரண்டையும் பிரிக்காமல் விற்றதால்தான் குழந்தைகள் கை கால் முடங்கிப் பிறந்த பேரழிவு நேர்ந்தது என்பது இரண்டாவது. அந்த அழிவே மருந்துலகை எச்பிஎல்சி (உயர் அழுத்தத்தில் நீர்மத்தை ஓட்டும் வண்ணப்பிரிகை) வழியிலான கைரல் பிரிப்புக்குத் தள்ளியது என்பது மூன்றாவது. முதற்கூற்றில் பாதி உண்மை உண்டு. இரண்டாவது வேதியியலுக்குப் பொருந்தாது, மூன்றாவது கால வரிசைக்குப் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலிரு கூற்றுகளுக்கும் ஆதாரமாகக் காட்டப்படுவது ஒரு சிறு கட்டுரை. காட்ஃபிரீட் பிளாஷ்கேயும் உடனாய்வாளர்களும் 1979இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்டது. அச்சில் மூன்றே பக்கம். பின்னால் வந்த வாசிப்பு முழுவதும் அதன் தலைப்பைச் சுற்றியே வளர்ந்ததால் தலைப்பை முதலில் கவனிக்க வேண்டும். ‘தாலிடோமைடின் சுழிமாய்க் கலவையை வண்ணப்பிரிகையால் பிரித்தலும், அதன் இனன்ஷியோமர்களின் கருவுருக்குலைவு விளைவும்’ என்று அதைத் தமிழில் தரலாம். சுழிமாய்க் கலவை என்பது இரு கைகளும் சமமாகக் கலந்தது; இனன்ஷியோமர் என்பது தனித்த ஒரு கை. மூலத்தில் ‘உண்ட்’ என்ற ஒற்றை இணைப்புச் சொல் இரு செய்திகளையும் சேர்க்கிறது; நம் மொழியில் அது ‘உம்’. பிரித்தலும் சோதித்தலும் ஒரே கட்டுரையில் அடுத்தடுத்து நிற்கின்றன, அவ்வளவுதான். பின்வந்தோர் வாசிப்பில் அந்த ‘உம்’ மெல்ல ‘ஆகவே’ ஆயிற்று: பிரித்தார்கள், ஆகவே தீங்கு எந்தக் கையில் இருந்தது என்று தெரிந்தது, தெரிந்தது, ஆகவே முன்பே பிரித்திருந்தால் குழந்தைகள் தப்பியிருப்பார்கள்.

பிளாஷ்கே செய்த வேலையின் தரத்தில் எனக்கு ஐயமில்லை. எல்-ஃபீனைல்அலனைன் எத்தில் எஸ்டரிலிருந்து அவர் ஆக்கிய பாலிஅக்ரிலமைடு, கரைப்பானில் ஊறி உப்பும் மென்மையான பொருள். அதில் ஓடும்போது தாலிடோமைடின் ஒரு கை சற்றே அதிக நேரம் பிடிபட்டு நிற்கும், மறுகை முந்தி வெளியேறும். உயர் அழுத்தத்தைத் தாங்காத அப்பொருள் பிற்காலத்தில் சிலிக்காவின் மேல் பிணைக்கப்பட்டு, கைரஸ்ஃபர் என்ற பெயரில் எச்பிஎல்சி குழாயாகவும் வந்தது. அப்படிப் பிரித்தெடுத்த இரு வடிவங்களையும் எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் கொடுத்துப் பார்த்தபோது, எஸ் வடிவமே கருவைப் பாதித்ததாகக் குழு அறிவித்தது.

என் மறுப்பு முடிவைப் பற்றியதன்று. முடிவு எவ்வளவு தூரம் செல்லும் என்பதைப் பற்றியது. முதலில் விலங்குத் தேர்வைப் பார்ப்போம். தாலிடோமைடு மனிதக் குழந்தைகளின் கை கால்களை முடக்கியது போல எலியினத்தில் எளிதில் செய்வதில்லை. இதன் காரணத்தின் ஒரு பகுதி பின்னர் புலப்பட்டது. ஜப்பானில் தகுமி இதோ, ஹிரோஷி ஹந்தா ஆகியோரின் குழு 2010இல் தாலிடோமைடு பற்றிக்கொள்ளும் புரதம் செரிப்ளான் என்று காட்டியது. மனித செரிப்ளானில் 388ஆம் இடத்தில் இருக்கும் அமினோ அமிலம் வேலின். சுண்டெலியில் அதற்கு நேரான 391ஆம் இடத்தில் ஐசோலூசின் இருக்கிறது. இந்த ஒரு மாற்றமே மருந்தின் விளைவைப் பெரிதும் தணிக்கிறது. இயல்பாகவே எதிர்ப்புள்ள விலங்கில் கிடைத்த ‘ஆர் தீங்கற்றது’ என்ற முடிவை மனிதக் கருவுக்கு நீட்டுவது வழுக்கு நிலத்தில் கால் வைப்பது.

அதைவிட வலுவான சான்று 1967இலேயே கிடைத்துவிட்டது. ஃபாப்ரோ, ஸ்மித், வில்லியம்ஸ் மூவரும் நியூசிலாந்து வெள்ளை முயல்களில் இரு இனன்ஷியோமர்களையும் தனித்தனியே சோதித்தார்கள். முயல் இம்மருந்துக்கு மனிதரைப் போலவே கூருணர்வு கொண்ட விலங்கு. அங்கே இரு வடிவங்களும் கருவைச் சிதைத்தன. அதாவது பிளாஷ்கேயின் கட்டுரை வருவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே இரு கைகளும் தனித்தனியாக ஆய்வாளர் கையில் இருந்தன. பொருத்தமான விலங்கில் விடையும் வந்திருந்தது. பாடநூல் மரபு ஏன் 1967ஐ விட்டு 1979ஐப் பற்றிக்கொண்டது? நேரடிச் சான்று மெலிந்த இடம் இது என்பதை ஒப்புக்கொண்டே சொல்கிறேன்: நற்கை, தீக்கை என்ற கதை பிரிக்கும் கருவிக்கு ஒரு பெரும் நோக்கத்தைத் தந்தது, 1967இன் விடை அதைத் தரவில்லை. எச்பிஎல்சி கைரல் குழாய்கள் ஆய்வகங்களுக்குள் நுழைந்த காலமும், இந்தக் கதை பரவிய காலமும் ஒன்றை ஒன்று ஒட்டியிருப்பது தற்செயல் என்று நான் கருதவில்லை. ஆயினும் 1979 என்பது கட்டுரை அச்சான ஆண்டு மட்டுமே. ஒரு கருத்து பாடநூல் உண்மையாக உறைந்த ஆண்டை அவ்வளவு துல்லியமாகக் குறிக்க இயலாது.

இனி மூன்றாவது கூற்று. தாலிடோமைடு பேரழிவு கைரல் வண்ணப்பிரிகையைப் பெற்றெடுத்தது என்றால், அதன் தாய்வழியில் எங்காவது தாலிடோமைடு தென்பட வேண்டும். தென்படவில்லை. ஹெண்டர்சனும் ரூலும் லாக்டோஸ் நிரப்பிய குழாயில் ஒரு கற்பூர வழிப்பொருளின் சுழிமாய்க் கலவையைப் பிரித்ததாக அறிவித்தது 1938. அதே லாக்டோஸில் பிரெலாக்கும் வீலாண்டும் டிரோகர் காரத்தைப் பிரித்தது 1944. ஜப்பானில் கொத்தாக்கே குழு வடிதாளிலேயே அமினோ அமிலங்களைப் பிரித்தது 1951. மூன்று இடங்களில் பிடி விழுந்தால்தான் கை வேறுபாடு தெரியும் என்று டால்கிளீஷ் விளக்கியது 1952. தாலிடோமைடு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்ததோ 1957. இந்த மரபின் தொடக்கத்தை 1938 என்பதா, 1944 என்பதா என்பது எதைப் ‘பிரிப்பு’ என்கிறோம் என்பதைப் பொறுத்தது. எப்படிக் கணக்கிட்டாலும் அது தாலிடோமைடுக்கு முந்தியது.

பின்னர் வந்த கிளைகளும் வேறு கேள்விகளிலிருந்தே முளைத்தன. மாஸ்கோவில் தவன்கோவ், அமினோ அமிலங்களைத் தாமிர அணைவு வழியே பிரிக்கும் ஈனி மாற்ற முறையில் உழைத்தார். இல்லினாயில் பிர்க்கிள், அணுக்கருக் காந்த ஒத்திசைவில் இனன்ஷியோமர்களை வேறுபடுத்தப் பயன்பட்ட ஃபுளூரோ ஆல்கஹாலை 1979இல் சிலிக்காவில் பிணைத்தார். 1981இல் அவர் வகைக் குழாய் விற்பனைக்கு வந்தது. ஜப்பானில் யோஷியோ ஒகமோட்டோ ஒரே திசையில் சுருளும் பாலிமர்களை ஆக்கும் முயற்சியிலிருந்து பிரிப்புக்கு வந்தவர். 1980களின் நடுவில் அவர் குழு செல்லுலோஸின் ஃபீனைல்கார்பமேட்டுகளைச் சிலிக்காவில் பூசியது. இன்று மருந்துப் பகுப்பாய்வு ஆய்வகங்களில் நாள்தோறும் ஓடும் கைரல்செல் ஓடி குழாய் அந்த வழியில் வந்தது. லாக்டோஸ், வடிதாள், 1973இல் ஹெஸ்ஸேயும் ஹாகலும் காட்டிய செல்லுலோஸ் டிரைஅசெட்டேட்டு, அதன்பின் கார்பமேட்டு: சர்க்கரையிலிருந்து சர்க்கரைக்கு வந்த வம்சம் இது. ஒகமோட்டோவுக்கு 2019இல் ஜப்பான் பரிசு கிடைத்தது.

சட்டத்தின் பக்கமும் இதையே காட்டுகிறது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தில் பிரான்சஸ் கெல்சி தாலிடோமைடுக்கு ஒப்புதல் தராமல் நிறுத்தியபோது அவர் கேட்டது பாதுகாப்புச் சான்றும், நரம்புப் பாதிப்பு பற்றிய விளக்கமும். மூலக்கூறின் கை பற்றி அல்ல. 1962இல் அமெரிக்க மருந்துச் சட்டத்தில் வந்த கெஃபாவர்-ஹாரிஸ் திருத்தம் மருந்தின் பயனுக்குச் சான்று கேட்டது. இனன்ஷியோமர் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. இனன்ஷியோமர்களைத் தனித்தனியே ஆராயவேண்டும் என்ற அதே நிர்வாகத்தின் கொள்கை அறிக்கை வந்தது 1992இல். பேரழிவுக்கும் விதிக்கும் இடையே முப்பது ஆண்டுகள். அந்த அறிக்கை தன் காரணத்தையும் சொல்கிறது: பெரிய அளவில் பிரிக்கும் முறைகளும் ஒரு கையை மட்டும் ஆக்கும் தொகுப்பு முறைகளும் இப்போது வந்துவிட்டன, ஆகவே கொள்கை வேண்டும். இங்கே ‘ஆகவே’ தன் சரியான இடத்தில் நிற்கிறது. குழாய் முதலில் வந்தது, விதி அதன் பின்னே வந்தது.

இப்போது வேதியியலுக்குத் திரும்புவோம். தாலிடோமைடின் கைரல் கார்பன், கார்பனைலுக்கு அடுத்து நிற்கிறது. அதிலுள்ள ஹைட்ரஜன் எளிதில் கழன்று மீண்டும் சேரும். சேரும்போது கை மாறலாம். இதை அளந்ததும் எச்பிஎல்சியே. 1994இல் உடலுக்கு வெளியே இந்தக் கை மாற்றத்தை எச்பிஎல்சி கொண்டு ஆராய்ந்த கட்டுரையின் ஆசிரியர்கள் நோக்கேயும், அதே பிளாஷ்கேயும். முன்னோர் ஒருவர் தம் முடிவின் எல்லையைத் தாமே அளக்க முன்வந்தார் என்பது அவரை மேற்கோள் காட்டுவோர் பலரின் கண்ணில் படுவதில்லை. 1995இல் சுவீடனின் எரிக்சன் குழு 37 பாகை செல்சியஸில் குருதியில் அளந்த மாற்ற வேகம் ஆர் வடிவத்துக்கு மணிக்கு 0.30, எஸ் வடிவத்துக்கு 0.31. அதாவது ஏறத்தாழ 2.3 மணி நேரத்தில் தூய ஆர் வடிவத்தில் பாதி ஒருமுறையேனும் கை மாறிவிடும். எந்த ஒரு தனி எண்ணையும் இறுதியாகக் கொள்ளக் கூடாது. காரத்தன்மை, வெப்பம், ஆல்புமின் அளவு ஆகியவற்றுக்கேற்ப வேகம் மாறும். திசை மட்டும் ஐயத்துக்கு இடமற்றது. தூய ஆர் மாத்திரையை விழுங்கிய தாயின் குருதியில் எஸ் தோன்றியே தீரும்.

ஆகவே இரண்டாம் கூற்று நிற்காது. முதற்கூற்றில் மட்டும் ஒரு பகுதியைத் திருப்பித் தர வேண்டும். 2018இல் வெளியான படிக அமைப்பு ஆய்வு, எஸ் வடிவம் செரிப்ளானை ஆர் வடிவத்தைவிடச் சுமார் பத்து மடங்கு இறுக்கமாகப் பற்றுவதைக் காட்டியது. மூலக்கூறு அளவில் பிளாஷ்கேயின் கண் சரியாகவே பார்த்தது. தூய ஆர் எலிகளில் ஏன் அடங்கிக் கிடந்தது என்பதற்கு, கை மாறிய பகுதி சுழிமாய்க் கலவையாகப் படிந்துவிட, கரைசலில் ஆர் மிகுந்து நின்றிருக்கலாம் என்று அதே ஆண்டில் ஒரு விளக்கம் முன்வைக்கப்பட்டது. அது நிறுவப்பட்ட முடிவு என்று சொல்லமாட்டேன், ஆராயத்தக்கது.

வண்ணப்பிரிகைப் பதிவில் தெரியும் இரு முகடுகளும், குழாயை விட்டு வெளியேறிய அந்தக் கணத்தின் தூய்மைக்கு மட்டுமே சாட்சி. அந்தத் தூய்மை உடலில் எவ்வளவு நேரம் தாங்கும் என்பது வேறு கேள்வி; அதற்கும் மாதிரியை அமிலப்படுத்திக் கை மாற்றத்தை நிறுத்திக்கொண்டு மீண்டும் அதே குழாயிடம்தான் போக வேண்டும். தாலிடோமைடால் பாதிக்கப்பட்டுப் பிறந்த குழந்தைகள் சுமார் 10,000 என்று கணக்கிடப்படுகிறது. கருவுற்ற பெண்களுக்குப் போதிய சோதனையின்றி மருந்து கொடுக்கப்பட்டதன் விளைவு அது. குழாய் ஒன்று இல்லாததால் நேர்ந்தது என்று சொன்னால் அந்தப் பொறுப்பை நாம் மறைக்கிறோம். மருந்தியல் கற்பிக்கும் ஆசிரியர்கள் தாலிடோமைடைப் பாடத்திலிருந்து நீக்க வேண்டியதில்லை. கைரல் பிரிப்பின் தொடக்கமாக லாக்டோஸ் குழாயைச் சொல்லுங்கள். 1979ஐச் சொல்லும் இடத்தில் 1967ஐயும் 1995ஐயும் சேர்த்துச் சொல்லுங்கள்.