கடலுக்கு அப்பால் நடந்த ஜனாஸாக்கள்

நம்மில் பெரும்பாலோரின் தகப்பனாரோ பாட்டனாரோ இராமநாதபுரம், தஞ்சை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து பிழைப்புத் தேடி இந்நாட்டுக்கு வந்தவர்கள். பெற்றோரை ஊரில் விட்டு வந்தவர்கள். சங்க வரலாறு என்றால் தலைவர்கள், கூட்டங்கள், கட்டட நிதி என்றே எழுதிப் பழகிவிட்டோம். ஆனால் கிள்ளான் பள்ளத்தாக்கில் நம் சமுதாயம் ஒன்றுகூடக் கற்றுக்கொண்டது பெரும்பாலும் சாவுச் செய்திகளைச் சுற்றித்தான் என்பது எங்கள் எண்ணம்.

ஊரில் ஆறு மாதம் படுக்கையில் கிடந்து அத்தா வஃபாத்தானாலும், பிரிக்ஃபீல்ட்ஸ் கடையில் நின்ற மகனுக்கு அது திடீர் மவுத்துதான். பிள்ளை தூரதேசத்தில் கலங்குவானே என்று கடிதத்தில் நோயை எழுத மாட்டார்கள். பிறகு ஒருநாள் தந்தி வரும். அதிலும் உண்மை இராது. 'ஃபாதர் சீரியஸ், ஸ்டார்ட் இம்மீடியட்லி' என்றிருக்கும். சீரியஸ் என்றால் என்ன பொருள் என்று முதலாளிக்கும் தெரியும், சமையற்காரருக்கும் தெரியும். மகனிடம் மட்டும் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

மையித்தைத் தாமதமின்றி அடக்கச் சொல்கிறது மார்க்கம். கப்பலோ ஒரு வாரம் எடுத்தது. 1926இல் கட்டப்பட்ட ரஜூலா, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்ற வழியில் 1973 வரை நம்மவர்களைச் சுமந்தது. அடுத்த கப்பலுக்குக் காத்திருந்து, நாகையில் இறங்கி, பஸ் பிடித்து ஊர் சேரும்போது மூன்றாம் நாள் ஃபாத்திஹா எப்போதோ முடிந்து, கபர் மண்ணும் காய்ந்திருக்கும். ஆகவே பலர் போகவில்லை. கப்பல் கூலியை உம்மாவின் செலவுக்கு அனுப்பிவிட்டு இங்கேயே இருந்தார்கள். கல்நெஞ்சம் என்று இதை இன்றைய பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது.

போர்க்காலம் இதைவிடக் கொடியது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. 1945இல் ஜப்பானியர் சரணடையும்வரை ஊரோடு கடிதப் போக்குவரத்தே இல்லை. மூன்றரை ஆண்டு உயிரோடிருப்பதாக எண்ணி துஆச் செய்த தாய், முதல் ஆண்டிலேயே இறந்திருந்தாள் என்று போர் முடிந்து தபால் திறந்தபின் அறிந்தவர்கள் உண்டு. சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துச் செல்லப்பட்டு மடிந்த தமிழர்களின் பிள்ளைகளுக்கோ அந்தத் தபாலும் வரவில்லை. தகப்பன் இறந்த நாள் தெரியாமலே அவர்கள் எத்தீம் ஆனார்கள்.

அழுவதற்கு மையித்தும் இல்லை, கபரும் இல்லை. பின் எப்படித் தேறினார்கள்? பள்ளிவாசல்தான் வழி. மஸ்ஜித் இந்தியாவிலும் கிள்ளான் தெங்கு கெலானா சாலைப் பள்ளியிலும் ஜும்ஆ முடிந்ததும் இமாமிடம் பெயரைக் கொடுத்தால், தொலைவில் இறந்தவருக்காக 'காயிப் ஜனாஸா' தொழுகை நடத்தலாம். அபிசீனிய மன்னர் நஜ்ஜாஷிக்கு நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் தொழுததே இதற்கு ஆதாரம். ருகூஉ இல்லை, சுஜூது இல்லை. நின்றபடி நான்கு தக்பீர். முன்பின் தெரியாத மலாய்க்காரர், வங்காளத்தார் எல்லாம் வரிசையில் நிற்பார்கள். ஸலாம் கொடுத்துத் திரும்பும்போது, தன் வாப்பாவுக்காக இத்தனை பேரா என்று மகனுக்கு நெஞ்சு நிறையும்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. இந்நாடு ஷாஃபி மத்ஹப். நம் கடற்கரை மரைக்காயர்களும் பெரும்பாலும் ஷாஃபிகள். ஆனால் உள்நாட்டு இராவுத்தர்கள் ஹனஃபிகள். ஹனஃபி மத்ஹபில் காயிப் ஜனாஸா கிடையாது. மகனே தன் அத்தாவுக்காகத் தொழலாமா என்ற கேள்வி கடை மாடிகளில் காரசாரமாகப் பேசப்பட்டது. சிலர் தொழுதார்கள். சிலர் ஒதுங்கி, அறையில் குர்ஆன் முப்பது ஜுஸ்உவையும் ஆளுக்கொன்றாகப் பங்கிட்டு ஓதி, நெய்ச்சோறு ஆக்கிப் போட்டார்கள். ஷாஃபி நண்பர்களும் வந்து ஓதினார்கள், ஹனஃபிகளும் சோறு பரிமாறினார்கள். மத்ஹப் பேதத்தை மேடைப் பேச்சுகளைவிட இந்தச் சஹன் சோறு அதிகம் கரைத்தது.

தகப்பன் இங்கே திடீரென்று விழுந்து இறந்தால் கதை வேறு. கபன் துணிக்கும் குழிக்கும் கடைகடையாகத் துண்டேந்தி வசூலித்த காலம் அது. அந்த அவமானத்தைத் துடைக்கவே நம்மவர்கள் மாதச் சந்தா வைத்து மையித்து நிதி தொடங்கினார்கள். மலாய்க்காரர்கள் இதைக் கைராத் என்பார்கள். அடக்கம் எளிதாயிற்று, அதன் பிறகுதான் கஷ்டம். கூட்டு வியாபாரம் வாய்ச்சொல்லில் நடக்கும், கணக்கு ஒருவர் தலைக்குள் இருக்கும். வங்கிக் கணக்கு முடங்கும். ஊரில் ஒரு குடும்பம், இங்கே ஒரு குடும்பம் என்றிருந்தவர்களும் உண்டு. அதை மறைப்பதில் பயனில்லை. பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு; இரு மனைவியர் இருந்தால் அந்த ஒரு பங்கைத்தான் இருவரும் பிரிக்க வேண்டும். ஊரில் உயிரோடிருக்கும் தாய்க்கு ஆறில் ஒன்று உண்டு என்பதைப் பலர் வசதியாக மறந்தார்கள். நிக்காஹ் தஃப்தரின் நகல் ஊர் ஜமாஅத்திலிருந்து வந்துசேர மாதங்கள் ஆகும். அதுவரை கடை பூட்டிக் கிடக்கும், பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பணம் நிற்கும்.

1969 முதல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலைப் பெர்மிட் கட்டாயமானது. ஊருக்குப் போனால் திரும்ப விடுவார்களோ என்ற பயத்தில் அத்தாவின் முகம் பார்க்காமலே இருந்துவிட்டவர்கள் அக்காலத்தில் நம்மிடையே இருந்தார்கள்.

ரஜூலாவுக்குப் பின் ஓடிய சிதம்பரம் கப்பலில் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்தது. அத்தோடு கப்பல் பயணமும் போயிற்று. விமானமும் தொலைபேசியும் வந்தன. காலையில் செய்தி கேட்டு மாலையில் திருச்சி போய்ச் சேர முடிந்தது. தந்தி இங்கே 2012இலும் இந்தியாவில் 2013இலும் நின்றது. பழைய வேதனை முடிந்துவிட்டது என்றே நினைத்தோம்.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. ஏப்ரல் 7இல் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் சிலாங்கூர் மென்ஷன், மலாயன் மென்ஷன் கட்டடங்களை முள்வேலியிட்டு மூடினார்கள். விமானம் இல்லை. ஊரில் உம்மா மவுத்தான செய்தி வாட்ஸ்அப்பில் வந்தது. சந்தூக்கு தூக்கப்படுவதைக் கைப்பேசியில் பார்த்தார்கள். பள்ளிவாசலும் மூடியிருந்ததால் வீட்டிலேயே நாலு பேர் நின்று காயிப் ஜனாஸா தொழுதார்கள். ஹனஃபி வீட்டார் சிலரும் அந்த வரிசையில் நின்றார்கள். அப்போது யாரும் மத்ஹப் கேட்கவில்லை.

மையித்து நிதிப் படிவத்தில் ஊரிலுள்ள வாரிசுகளின் பெயர், முகவரி, தொடர்பு எண் எழுதும் இடம் பல உறுப்பினர்களிடம் இன்னும் காலியாகக் கிடக்கிறது. அலுவலகத்துக்கு வந்து நிரப்பிக் கொடுக்க வேண்டுகிறோம்.