துடுப்புகள் இல்லாத பின்போல்

பின்போல் என்றதும், இரு பக்கமும் பொத்தானை அழுத்தித் துடுப்புகளால் உருக்குக் குண்டைத் திருப்பியடிக்கும் காட்சியே கண்முன் வரும். ஆனால் அத்துடுப்புகள் வந்தது 1947இல், சிக்காகோவின் கொட்லிப் நிறுவனம் வெளியிட்ட ஹம்ப்டி டம்ப்டி இயந்திரத்துடன்தான்.

அதற்கு முன் ஆட்டக்காரர் செய்யக்கூடியவை இரண்டே. சுருள்வில் தண்டை அளவறிந்து இழுத்துவிடுவது ஒன்று. ஆணிகளிடையே குண்டு உருண்டிறங்குகையில் இயந்திரத்தை மெல்லத் தட்டி அதன் போக்கை மாற்றுவது மற்றொன்று. 1933இல் ஹரி வில்லியம்ஸ் தமது கொன்டாக்ட் இயந்திரத்தில் மின்கலத்தைப் புகுத்தினார். குழியில் விழுந்த குண்டை மின்காந்தம் வெளியே உதைத்துத் தள்ளியது, மணி ஒலித்தது. கண்டபடி குலுக்குவோரைப் பிடிக்க 'டில்ட்' பொறியை அமைத்தவரும் அவரே. பின்னாளில் நிலைத்த வடிவில், உள்ளே தொங்கும் ஊசல் ஆடி வளையத்தைத் தொட்டால் ஆட்டம் அத்துடன் முடிந்தது.

1942இல் நியூயோர்க் மேயர் லாகார்டியா இது வெறும் சூதாட்டம் எனத் தடைசெய்தார். கைப்பற்றிய இயந்திரங்களைச் சம்மட்டியால் அவரே உடைக்கும் படங்கள் வெளிவந்தன. குற்றச்சாட்டு முற்றிலும் பொய்யன்று. காசைக் கொட்டும் வகைகளும் இருக்கவே செய்தன. ஆயினும் தண்டை இழுக்கும் கையின் நுட்பத்தை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

ஐந்தாண்டுகளில் துடுப்பு வந்தும் தடை நீங்கவில்லை. 1976இல்தான் ரோஜர் ஷார்ப் என்ற பத்திரிகையாளர் (நமது தொழிலைச் சேர்ந்தவர்தான்!) மாநகர சபையினர் முன் ஆடிக்காட்டினார். குண்டு மேலுள்ள நடுப்பாதையால் செல்லும் என முன்கூட்டியே கூறித் தண்டை இழுத்துவிட்டார். சொன்னபடியே சென்றது, தடையும் நீக்கப்பட்டது. அந்த அடியில் துடுப்புக்கு வேலையே இருக்கவில்லை. அதிர்ஷ்டமும் துணைநின்றதெனப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார்.