கடைசி அத்தியாயம் யாருக்கு?



வேப்பம்பட்டு ஸ்டேஷனில் இறங்கி கல்லூரிக்கு நடந்த அந்த நாலு வருஷமும் பாடப் புத்தகத்தைவிட பாக்கெட் நாவல் அதிகம் படித்தவன் நான். சுஜாதாவின் கணேஷ்-வசந்த், ராஜேஷ்குமாரின் விவேக், சுபாவின் நரேந்திரன்-வைஜயந்தி எல்லோரும் திருவள்ளூர் லோக்கலில் நம்மோடு வந்தவர்கள்தான். 'சுபா' என்பது சுரேஷ், பாலகிருஷ்ணன் என்ற இரண்டு பேர் என்று தெரிந்தபோது எனக்கு ஒரே ஆச்சரியம். பதின்மூன்று பேர் சேர்ந்து ஒரு துப்பறியும் நாவல் எழுதினால் எப்படி இருக்கும்?

எழுதியே இருக்கிறார்கள்! சமீபத்தில் பழைய புத்தகக் கடையில் கிடைத்தது, 'நேக்கட் கேம் தி மேனட்டீ'. அமெரிக்காவில் மயாமி ஹெரால்டு பத்திரிகையின் 'டிராபிக்' இதழில் தொடராக வந்து, 1996-இல் புத்தகமான நகைச்சுவைக் கிரைம் கதை. ஆளுக்கு ஓர் அத்தியாயம். முதலில் டேவ் பேரி ஒரு கடற்பசுவை நீந்தவிட்டுத் தொடங்குகிறார். பெட்டிக்குள் ஒரு தலை; பார்த்தால் ஃபிடல் காஸ்ட்ரோ மாதிரியே! போதாதென்று இன்னொரு தலையும் வருகிறது. பால் லெவின் தன் வக்கீல் ஜேக் லாசிட்டரையும், எட்னா புக்கானன் தன் நிருபர் பிரிட் மொன்டேரோவையும் கூட்டி வருகிறார்கள். ஆளாளுக்கு முடிச்சுப் போட்டுவிட்டு நகர்கிறார்கள். அவிழ்க்கும் பொறுப்பு கடைசியில் வந்த கார்ல் ஹயாசன் தலையில்! ரயிலில் தனியாகச் சிரித்துக்கொண்டே படித்தேன்.

இந்த விளையாட்டு பழசு. லண்டனில் அகதா கிறிஸ்டி, டோரதி சேயர்ஸ் போன்றவர்கள் இருந்த 'டிடெக்‌ஷன் கிளப்' 1931-லேயே 'தி ஃப்ளோட்டிங் அட்மிரல்' என்று ஒரு கூட்டு நாவல் வெளியிட்டது. அவர்கள் வைத்த விதிதான் எனக்குப் பிடித்தது. முன்னால் எழுதியவர் விட்டுப்போன சிக்கலைத் தட்டிக்கழிக்கக் கூடாது. புதுச் சிக்கல் போட்டால் அதற்கு ஒரு விடை மனசில் இருக்க வேண்டும். அந்த விடையையும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அந்த விடைகளைப் புத்தகத்தின் பின்னால் அச்சிட்டும் இருக்கிறார்கள். அப்படியும் கடைசி அத்தியாயம் எழுதிய ஆண்டனி பெர்க்லி, அதற்கு 'குளறுபடியைச் சரிசெய்தல்' என்ற அர்த்தத்தில்தான் தலைப்பு வைத்தார்.

இதைப் படித்ததும் நம்ம நோட்டு ஞாபகம் வந்தது. மூன்றாம் வருஷம் ஏழு பேர் லோக்கலில் உட்கார்ந்து எழுதினோமே, கொலை நாவல்! ஏற்கெனவே செத்துப்போன டிக்கெட் பரிசோதகரை ஆறாவது அத்தியாயத்தில் நான் மறுபடியும் சாகடித்தேன். விடை? எனக்கே தெரியாது. "நீ முடிச்சுடு மச்சான்" என்று நம்மில் அதிகம் பேசாத ஒருவன் கையில் நோட்டைத் திணித்தோம். அவனும் சிரித்துக்கொண்டே வாங்கிப் போனான்.

அந்த மாசம்தான் அவன் அப்பா படுத்த படுக்கையானார். அவன் கல்லூரிக்கு வருவதே நின்றுபோனது. ஒருநாள் ஸ்டேஷனில் பார்த்தபோது நான் கேட்ட முதல் கேள்வி, "நோட்டு எங்கேடா?" அப்பா எப்படி இருக்கார் என்று கேட்கவில்லை. ரயில் வந்துவிட்டது, ஏறிவிட்டேன்.

இன்று சைட்டில் ஒரு வேலையை அடுத்த ஷிப்டுக்கு ஒப்படைக்கும்போது பாக்கி என்ன என்று ஒன்றுவிடாமல் எழுதிக் கொடுக்கிறேன். அன்று அந்தப் புத்தி இல்லை.

இந்த மலர் யார் மூலமாவது அவன் கைக்குப் போய்ச் சேரட்டும். மச்சான், நோட்டு தொலைந்திருந்தாலும் பரவாயில்லை. நீ வா. கடைசி அத்தியாயத்தை ஏழு பேரும் சேர்ந்தே எழுதுவோம்.