கேட்லாக்கை மூடிய கடை

1993 ஜனவரியில் அமெரிக்காவின் சியர்ஸ் நிறுவனம் தன் பெரிய கேட்லாக்கை நிறுத்தப் போவதாக அறிவித்தது. அதோடு 50,000 பேருக்கு வேலையும் போயிற்று. அடுத்த ஆண்டே ஜெஃப் பெசோஸ் அமேசானைத் தொடங்கினார்!

கேட்லாக் வியாபாரத்தை ஆரம்பித்தது சியர்ஸ் அல்ல. சிகாகோவில் மான்ட்கோமரி வார்டு என்பவர் 1872-ல் ஒரே ஒரு தாளில் பொருட்களையும் விலைகளையும் அச்சடித்து விவசாயிகளுக்கு அனுப்பினார். ஊர் ஊராகப் போய் சரக்கு விற்றவர் அவர். கிராமத்துக் கடைக்காரர் சொல்வதுதான் விலை என்ற நிலையை நேரில் பார்த்திருந்தார். ரயில் நிலைய ஊழியரான ரிச்சர்ட் சியர்ஸ் 1886-ல் கைக்கடிகார... மன்னிக்கவும், அந்தக் காலத்துச் சட்டைப்பை கடிகார விற்பனையில் இறங்கி, பிறகு வார்டையே முந்தினார். தபால்காரர் கிராமத்து வீடு வரை வரத் தொடங்கியதும் (1896), பார்சல் தபால் வந்ததும் (1913) இந்தத் தொழிலுக்குக் கிடைத்த பெரிய அதிர்ஷ்டம். 1908 முதல் 1940 வரை முழு வீட்டையே மரம், ஆணி சகிதம் ரயிலில் அனுப்பி விற்றது சியர்ஸ். அப்படிப் போனவை சுமார் 70,000 வீடுகள்.

லாபக் கணக்கை விட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. தென் மாநிலங்களில் கறுப்பின மக்கள் கடைக்குப் போனால், வெள்ளையர் எல்லோரும் வாங்கி முடிக்கும் வரை காத்திருக்க வேண்டும். கடனும் கடைக்காரர் கையில். கேட்லாக்கில் அச்சடித்த விலையோ எல்லோருக்கும் ஒன்றே. கடிதத்தில் ஆர்டர் போட்டவரின் நிறம் யாருக்கும் தெரியாது.

ஆனால் காகிதத்துக்கு எல்லை இருந்தது. அச்சடித்த விலையை அடுத்த பதிப்பு வரை மாற்ற முடியாது. சரக்கு தீர்ந்தாலும் படம் புத்தகத்தில் அப்படியே இருக்கும், ஆர்டரும் வந்துகொண்டே இருக்கும். பக்கம் கூடினால் அச்சுக் கூலியும் தபால் செலவும் கூடும். கடைசி ஆண்டுகளில் சியர்ஸ் கேட்லாக் நஷ்டத்தில்தான் ஓடியது.

இந்த மூன்று சங்கடங்களுக்கும் கணினியில் வழி இருந்தது. விலையை நினைத்த நேரத்தில் திருத்தலாம், தீர்ந்த சரக்கை எடுத்துவிடலாம், பக்கக் கணக்கே இல்லை. பெசோஸ் முதலில் புத்தகத்தைத் தேர்ந்தெடுத்ததும் இதனால்தான். அத்தனை லட்சம் தலைப்புகளை எந்த அச்சுக் கேட்லாக்கும் தாங்காது.

சியர்ஸுக்கு இது தெரியாமல் இருந்ததா என்றால், அதுவும் இல்லை! ஐபிஎம்முடன் கூட்டு சேர்ந்து 'பிராடிஜி' என்ற ஆன்லைன் சேவையை 1988-லேயே அது தொடங்கியிருந்தது. தொலைபேசி இணைப்பு வழியாக வீட்டுக் கணினியில் செய்தி படிக்கலாம், பொருளும் வாங்கலாம். ஒரு கையில் கேட்லாக், இன்னொரு கையில் கணினி வலை... இரண்டையும் முழுமையாகக் கோர்க்கத்தான் முடியவில்லை. பிராடிஜியில் இருந்த பங்கையும் 1996-ல் விற்றுவிட்டார்கள்.

2018 அக்டோபரில் சியர்ஸ் திவால் மனு கொடுத்தது. அடுத்த மாதமே அமேசான் ஒரு பொம்மைக் கேட்லாக்கைக் காகிதத்தில் அச்சடித்து, அமெரிக்க வீடுகளுக்குத் தபாலில் அனுப்பியது.